மனசைப் பேசிய குழாய்

வாக்கெடுப்புக்கு முந்தின ஞாயிறு மாலை, ஒலிபெருக்கிக் குழாய் பேச்சாளர்களின் பேச்சை விட்டுவிட்டு அவர்களுடைய ஆசையைச் சொல்லத் தொடங்கியது. அந்த வாரம் வெங்காயமும் விலை ஏறியிருந்தது. ஆற்றின் வடகரையையும் தென்கரையையும் தனித்தனி மாநிலமாகப் பிரிப்பதா வேண்டாமா என்பதற்கான வாக்கெடுப்பு அது. வடகரையில் ஆலை முதலாளிகள், தென்கரையில் ஆலைத் தொழிலாளிகள், கரைக்கொரு சாமி. பிரிந்தால் அவரவர் சாமி இருக்கும் கரைக்கு அவரவர் போய்விட வேண்டும் என்று பேச்சு. வடகரையில் கடை வைத்திருந்த தையல்காரி தென்கரைச் சாமியைக் கும்பிடுகிறவள். இரண்டு கட்சிக்கும் கொடி தைத்துக் கொடுத்துவிட்டு, தன் மூட்டையையும் கட்டி வைத்திருந்தாள். எதிர்க்கடை மைக்செட்காரர் வடகரைச் சாமிக்காரர். சட்டைப் பட்டனை வேண்டுமென்றே பிய்த்துக்கொண்டு அவளிடம் போவார். தைத்து வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் திரும்புவார்.

இரண்டு கட்சியும் ஒரே மாலைக்கு அவரையே கூப்பிட்டன. வந்த வேலையை விட மனமில்லை. கையில் இருந்த ஆம்ப்ளிஃபயரோ ஒன்றுதான். பாலத்தின் மேல் ஒயர் இழுத்து இரண்டு கரைக் குழாய்களையும் அதிலேயே மாட்டி, வடகரை பேசி முடித்ததும் தென்கரை என்று முறை வைத்தார். ஆக, எல்லாருடையதையும் எல்லாரும் கேட்கும்படி ஆயிற்று. ஆலை முதலாளி "நம்ம சாமி, நம்ம மண்ணு" என்று தொடங்கினார். குழாய், "அவங்க வேற மாநிலத்து ஆளாயிட்டா சங்கம் செல்லாது, கூலியக் குறைச்சிடலாம்" என்றது. சமாதானம் சொல்ல எழுந்த வடகரை மதகுரு பாதியில் உட்கார்ந்துவிட்டார். குழாய் சொன்னபடி, தென்கரைச் சாமி பாட்டை ஒரு தடவையாவது கிட்ட உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவர் ஆசையாம். தென்கரைச் சங்கத் தலைவர் உரிமை, உரிமை என்று முழங்க, "தனி மாநிலம்னா நான்தான் மந்திரி, எனக்கும் முதலாளி மாதிரி ஒரு கார்" என்றது குழாய். கல்லோடு வந்தவர்கள் யார் மேல் எறிவது என்று தெரியாமல் நின்றார்கள்.

மைக்செட்காரர் ஓடி வந்து மைக்கில், "மன்னிக்கணும், ஒயர்ல ஏதோ கோளாறு" என்றார். "தையல்காரி போகக் கூடாது. போனா நானும் மூட்டையக் கட்டிடுவேன்" என்று இரண்டு கரைக்கும் கேட்டது. தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறி மைக்கை வாங்கினாள். "நான் எங்கயும் போகல. எனக்கு இங்கயே, இந்த ஆளோட இருக்கணும்." குழாயும் அதையே, ஓர் எழுத்து மாறாமல் சொன்னது.

வாக்கெடுப்பில் பிரிவினை தோற்றது. முதலாளி முதலாளியாகவே இருந்தார். சங்கத்தாரும் கூலிக்காக வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தார்கள். ஆனால் சட்டி பானையோடு பாலத்தைக் கடக்கும் கதி ஒருவருக்கும் வரவில்லை. அந்தத் தகரக் குழாய்க்கு நாங்கள் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பழுது பார்க்க வந்தவர் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் கல்யாணத்திலும் அதே மைக்தான். வாழ்த்த வந்தவர்களில் பாதிப்பேர் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு நழுவினார்கள். ஆலை முதலாளி மட்டும் நெடுநேரம் தயங்கி, கடைசியில் மேடையேறி மைக் முன்னால் நின்றார். "நல்லா இருங்க" என்றார். கூட்டம் குழாயைப் பார்த்தது. "நல்லா இருங்க" என்றது குழாய். எல்லாரும் சாப்பிடப் போனோம்.