கேப்டன் சொல்லி அனுப்பியது

"அணிவகுப்பு முடிஞ்சதும் வண்டியில தண்ணி நிரப்பச் சொல்லி உங்கப்பாகிட்ட கேப்டன் சொன்னாரா, நெல்டா?"

தீயணைப்புச் சங்கத் தலைவர் அமதேயோ இதைக் கேட்டபோது கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவருகே காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆள் கூடினால் எனக்குப் பேச வராது. பள்ளியை விட்டதும் அதனால்தான்.

சிலி நாட்டில் எங்கள் ஊரான வால்பரைசோவில் தீயணைக்கப் போகிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள். ரொட்டிக் கடைக்காரர், வக்கீல், பல் டாக்டர். எங்கள் நிலையத்தில் சம்பளம் வாங்குகிறவர் வண்டி ஓட்டும் என் அப்பா எலெயோதோரோ ஒருவர்தான். நிலையத்தின் பின்கட்டில் குடியிருக்கிறோம். வேலை போனால் வீடும் போகும்.

கூடத்துச் சுவரில் கேப்டன்களின் படங்கள், பதினைந்து ஆணிகளில். இரண்டாவது, இப்போதைய கேப்டன் லிவியோவின் தாத்தா. ஒன்பதாவது அவருடைய அப்பா. நான்காவது இடத்தில் வெறும் ஆணி. அந்தக் கேப்டன் ஓட்டுநருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பி, வண்டி வேறு குன்றுக்குப் போய்விட்டது; அவர் படத்தைக் கழற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து, உத்தரவு கேப்டன் வாயிலிருந்து ஓட்டுநர் காதுக்கு நேராகப் போக வேண்டும் என்பது விதி.

நிலையத்தின் ஆண்டு விழாவன்று காலை வண்டியின் தண்ணீர்த் தொட்டி கசிந்தது. "ஊரே பாக்குறப்ப இது மூத்திரம் பெய்யணுமா?" என்று கேப்டன் தானே தொட்டிக் குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றினார். அப்பா அப்போது சீருடை மாற்றப் போயிருந்தார். நான் பார்த்தேன்.

அணிவகுப்பு முடிந்து மாடியில் இதே கூடத்தில் விருந்து. அப்பா எல்லோருக்கும் திராட்சை மது ஊற்றிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் படம் எடுக்கக் கேப்டனின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார்கள். போகிற போக்கில் படியில் நின்ற என்னிடம் அவர் சொன்னார்: "தொட்டி காலி. நிரப்பச் சொல்லு அப்பாகிட்ட."

மேலே போனேன். கதவருகே நின்றேன்.

"உள்ள வா, ஊமைச்சி. நாங்க கடிக்க மாட்டோம்," என்றார் பல் டாக்டர்.

"நீ கடிக்க மாட்டே, பிடுங்கிருவே," என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கி வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் தீ என்று சங்கு ஊதியது.

குன்றின் மேல் தெருக்குழாயில் தண்ணீர் ஏறாது. வண்டியில் இருப்பதுதான் தண்ணீர். தையல்கார பெர்த்தாவின் வீடு முழுதாக எரிந்தது.

இன்று விசாரணை. "நிரப்பச் சொன்னேன்," என்றார் கேப்டன். யாரிடம் என்று சொல்லவில்லை. "எனக்கு யாரும் சொல்லலை ஐயா," என்றார் அப்பா. நாற்பது பேரும் கேப்டனைத்தான் நம்பினார்கள்.

"அன்னிக்கு நீ படியிலதானே நின்னே, பயப்படாம சொல்லு," என்றார் அமதேயோ.

"சொன்னாரு," என்றேன். "அப்பாகிட்ட இல்லை. எங்கிட்ட. நான் கதவு வரைக்கும் வந்தேன். உள்ளே வரலை. அப்பாவுக்குத் தெரியாது."

"ஒரு சின்னப் பொண்ணுகிட்டயா சொல்லி விட்டே, லிவியோ?" என்று கேட்டார் வக்கீல்.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் வேலை தப்பியது என்று எனக்குத் தெரிந்தது. பெர்த்தாவின் வீட்டைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேப்டன் எழுந்தார். சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே, அந்த வெறும் ஆணியைத் தாண்டி நடந்து, எனக்குப் பக்கத்தில் இருந்த கதவு வழியாக வெளியே போனார்.