எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும்

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறையில் பதினோரு பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். மின்னல் கணக்கு வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். மின்னல் வாத்தியார் வெள்ளைப் பலகையின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கென்றே வைத்திருந்த சிரிப்பு அது, வீட்டில் செலவழிக்க மாட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் பலகைக்கு முதுகு காட்டி நின்று, கேட்ட பெருக்கலுக்கெல்லாம் பட்பட்டென்று விடை சொன்னாள். பாதி திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் வாத்தியாரின் மனைவி வகுப்புச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்டே அவளுக்கு எல்லா வித்தையும் அத்துப்படி. நூற்றுக்குப் பக்கத்து எண்கள் இரண்டைப் பெருக்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு குறைவு என்று பார்க்க வேண்டும். ஒன்றின் குறையை மற்றதிலிருந்து கழித்தால் விடையின் முன்பாதி. குறைகள் இரண்டையும் பெருக்கினால் பின்பாதி. அவ்வளவுதான். இன்னொன்றும் அவளுக்கு அத்துப்படி. இரும்பு ஸ்கேல் இறங்கும் சத்தத்தை வைத்தே அடி உள்ளங்கையிலா முதுகிலா என்று சொல்லிவிடுவாள். ஆரம்பத்தில் அடியாத மாடு படியாது என்று சொன்னவளே அவள்தான். தழும்பு தெரியாமலிருக்க மகளுக்கு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்ததும் அவள்தான். அதை நினைத்தால் தன் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றும்.

"எல்லாம் முன்னாடியே மனப்பாடம் பண்ண வெச்சிருப்பீங்க சார்," என்றார் கடைசியில் இருந்த மருந்துக்கடைக்காரர். "நான் ஒண்ணு தரேன். எண்பத்தெட்டையும் எண்பத்தொம்பதையும் பெருக்கச் சொல்லுங்க."

வாத்தியார் எப்போதும் தொண்ணூற்றுக்கு மேலேதான் கேட்பார், அதில் பின்பாதி இரண்டு இலக்கத்தைத் தாண்டாது. இதில் குறை பன்னிரண்டும் பதினொன்றும். அவசரத்தில் முன்பாதிக்கு 77 போட்டார். பன்னிரண்டைப் பதினொன்றால் பெருக்கினால் நூற்று முப்பத்திரண்டு. 32ஐ மட்டும் பக்கத்தில் எழுதினார். மிச்ச ஒன்று முன்பாதியில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பலகையில் 7732 என்று நின்றது.

"ஏழாயிரத்து எண்ணூத்தி முப்பத்திரெண்டு," என்றாள் மகள்.

உள்ளே அம்மாவுக்கும் அதே விடைதான் வந்திருந்தது.

"தப்பு. நல்லா யோசி."

"எண்ணூத்தி முப்பத்திரெண்டுதாம்ப்பா."

"தண்ணி குடிச்சா தெளிஞ்சிடும்," என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, மகளைப் பிடரியில் பிடித்து உள்ளே கொண்டுவந்தார். குதிகாலால் கதவைச் சாத்தினார். ஸ்கேலின் முதல் அடி மகளின் காது மேல் விழுந்தது.

"மானத்த வாங்கறியா? சரியா சொல்லு!"

"எண்ணூ..."

இரண்டாவது அடி வாயில். உதடு கிழிந்து ரத்தம் இஸ்திரி போட்ட சட்டைகளின் மேல் தெறித்தது.

"ஏங்க, அவ சொன்னதுதான் சரி," என்றாள் மனைவி. "நூத்தி முப்பத்திரெண்டுல அந்த ஒண்ண முன்னாடி சேர்க்காம விட்டுட்டீங்க."

அவர் ஒரு நொடி நின்றார். மனசுக்குள் போட்டுப் பார்க்கிறார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. போட்டும் முடித்தார். அதன் பிறகுதான் அவருக்கு வெறி தலைக்கேறியது. "அடுப்படில கெடக்கறவ எனக்குக் கணக்கு சொல்லித் தரியா?" என்று அவள் கூந்தலைப் பிடித்து நெற்றியை அலமாரியில் மோதினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு மறுபடி மகளை நோக்கி ஸ்கேலை ஓங்கினார். மனைவி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஓங்கிய கையின் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். தோல் கருகும் வாடை வந்த பிறகும் எடுக்கவில்லை. வாத்தியார் அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். பதினோரு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

"எல்லார் கையிலயும் போன் இருக்கே. ஒருத்தர்கூடவா போட்டுப் பார்க்கல?"

மருந்துக்கடைக்காரர் தன் போனைத் தொடை மேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

மகள் அப்போதுதான் பலகையைப் பார்த்தாள். அவள் உதட்டு ரத்தத்தைத் துடைக்க அம்மா கையைத் தூக்கினாள். சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு மகள் சொன்னாள்:

"எழுநூத்தி முப்பத்திரெண்டும்மா. ஏழாயிரத்து எழுநூத்தி முப்பத்திரெண்டுதான்."