மூன்று இஞ்சு

மதிலில் முதல் சம்மட்டி அடி விழுந்தபோது ஷைலஜா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் அவள் புருஷன் ராஜதாஸ். முந்தின நாள் காலையில் மரச்சீனிக் கிழங்குக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தவர், வெட்டிய மண்ணிலேயே சாய்ந்தார். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

மதிலை இடிக்கச் சொன்னது அவருடைய அண்ணன் கனகதாஸ். மதிலும் அவருடையதுதான். இடிக்காமல் என்ன செய்வார்? தன் மகளின் மாமனார் வீட்டார் காரில் வந்து இறங்கப் போகிறார்கள். அவர்கள் கண்முன்னால் தம்பியை மாமர விறகு அடுக்கி எரித்தால் கௌரவம் என்னாவது? கேஸில் பிணம் எரிக்கும் இரும்புப் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. சக்கரம் வைத்தது, நாலடி அகலம். வீட்டுக்கு வரும் வழியோ ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் அவர் மதில், நடுவில் ஆள் நடக்க இடம்.

"நல்லா இடியுங்கலே, வழி ஆறடி ஆவட்டும்! எனக்க தம்பிக்கு இல்லாத மதில் என்னத்துக்காக்கும்?" என்று கனகதாஸ் துண்டால் கண்ணைத் துடைத்தார். கண் காய்ந்துதான் கிடந்தது. ஊர் பார்த்துத் தலையாட்டியது.

பெட்டிக்குள் கிடந்த மனுஷன் மீதும் ஷைலஜாவுக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஒரு ஏக்கர் இருபது சென்டில் வாழையும் மரச்சீனியும். அதற்கொரு குட்டி டிராக்டர் வாங்கப் போகிறேன் என்று நாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் காட்டாக்கடை போனார். பதினைந்து எச்.பி. போதுமா, பதினெட்டு வேண்டுமா, நாலு சக்கரமும் இழுக்குமா, வாழை வரிசைக்குள் திரும்புமா என்று கேட்டுக் கேட்டு, கட்டிலுக்கடியில் நோட்டீஸாக அடுக்கினாரே தவிர, ஒரு ஸ்குரூகூட வீடு வந்து சேரவில்லை. "பொண்ணு பாத்துப் பாத்தே கெழவனான ஆளு" என்று குடும்பஸ்ரீ பெண்கள் கூட்டத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவர் முகத்துக்கு நேரேயும் சொல்லுவாள். அவர் அளவு டேப்பை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுப்பார்.

பதினொரு மணிக்குப் பொன்னப்பன் வந்தார். காட்டாக்கடை டிராக்டர் கடையில் விற்பனை பார்ப்பவர். கும்பிட்டுவிட்டு, இடிந்த மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எப்பம் இடிச்சாவ?"

"இப்பம்தான்."

"மூணு இஞ்சு போதுமாயிருந்துதே, அக்கா."

"என்னது?"

"வண்டி முப்பத்தாறு இஞ்சு. ஒங்க வழி முப்பத்துமூணு. எது வேணும்னு சாருக்கு முதல் மாசமே தெரியும், அந்தச் செவப்பு பதினெட்டுதான். வழிக்கு அண்ணன்கிட்ட ரெண்டு தடவ கேட்டாராம். மதிலத் தொட்டா கைய வெட்டுவேன்னு அவரு சொல்லிட்டாராம். அதுக்குப் பொறவும் சனிக்கெழம தவறாம வந்து கேப்பாரு, இதவிட ஒடுங்கின வண்டி வந்துதா, டயர உள்ள தள்ளிப் போடலாமான்னு. நான் என்ன செய்ய?"

ஷைலஜா இடிந்த மதில் பக்கம் திரும்பினாள். தூ! உயிரோடு இருந்தவனுக்கு மூன்று இஞ்சு இல்லை, செத்தவனுக்கு ஆறடியாம்! இதற்கொரு துண்டு, இதற்கொரு அழுகை! அவளிடம் ராஜதாஸ் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நாலு பேர் கேட்க அந்த மதில் முன்னால் போய் நின்று கத்தியிருப்பாள். அண்ணன் மானத்தைக் காப்பாற்ற அவள் சிரிப்பைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். தன் நாக்கை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அந்த வண்டி இருக்கா?"

"உண்டு. சார் ஏறி ஏறி இருந்து பாத்த அதே வண்டி. வழி கெடச்சா எடுப்பேன்னு முன்பணமும் கெட்டிப் பேரு எழுதி வச்சிருக்காரு."

"நாளைக்குக் கொண்டு வாருங்கோ."

"அக்கா, பதினாறு கழியட்டும்..."

"அதுக்குள்ள அந்த ஆளு மதிலக் கெட்டிருவாரு. நாளைக்கு வேணும்."

அவள் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. எரித்த மூன்றாம் நாள் காலையிலேயே கனகதாஸ் கொத்தனோடும் ஒரு லோடு கல்லோடும் வந்துவிட்டார். துண்டு இல்லை, கண்ணைத் துடைப்பதும் இல்லை. கல்லை இறக்கச் சொல்லித் திரும்பியவர், வாழைக்குப் பக்கத்தில் சிவப்பாக நின்றதைப் பார்த்துவிட்டார்.

"இது எப்பிடி உள்ள வந்துது?"

"ஒங்க கேஸ் பெட்டி வந்த வழியாத்தான்."

"ஷைலஜே, நான் மதிலக் கெட்டப் போறேன். பொறவு வெளிய எப்பிடி எடுப்பே?"

"எடுக்கதுக்கில்ல, அண்ணன். கெட்டுங்கோ."

கனகதாஸ் கொத்தனைப் பார்த்தார். கொத்தன் குனிந்து நூலைப் பிடித்தான். ஷைலஜா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ராஜதாஸின் நீளக் காலுக்காக இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. அவளுக்குக் கிளச் எட்டவில்லை. இருக்கையை முன்னால் நகர்த்தும் பிடி கைக்கடியில்தான் இருந்தது. அவள் அதைத் தொடாமல், இருக்கையின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, காலை எட்டி மிதித்தாள்.