அரசாங்கம் அனுப்பிய பெண்

வேலூரிலிருந்து வந்த அதிகாரி பேசி முடித்ததும் வியாபாரிகள் சங்கக் கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. காபி டம்ளர்களைக் கீழே வைக்கும் சத்தம்தான் கேட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் படித்த பிள்ளைகளில் ஒருவரைக் கடையில் சேர்த்துக்கொண்டால், முதல் ஒரு வருஷத்துக்குச் சம்பளத்தில் பாதியை அரசாங்கமே கொடுத்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார்.

"குடுக்கறது அரசாங்கமா? சரியாத்தான் சொல்றீங்களா சார்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, கூடமே சிரித்தது.

போளூர் ரோட்டில் பம்ப்செட்டும் பைப்பும் விற்கும் ஜினராஜ் நயினாருக்குச் சிரிப்பு வரவில்லை. எமர்ஜென்சி சமயத்தில் ஒருநாள் விற்பனை வரிக்காரர்கள் அவர் கடைக்குள் நுழைந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விளக்கு வைக்கும் நேரம்வரை கிளறிக்கொண்டிருந்தார்கள். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அவர்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. அன்று பட்டினியாகப் படுத்தவர், அதற்குப் பிறகு ஜீப்பில் வருகிற எவரையும் நம்பியதில்லை.

ஆனாலும் ஆள் தேவையாக இருந்தது. கோயம்புத்தூர் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த தம்பி மகன் பெங்களூருக்குப் போய்விட்டான். வந்த கடிதங்கள் பதில் போடாமல் குவிந்து கிடந்தன.

"ஒரு வருஷம்தானே. அரசாங்கப் பணம் நின்னதும் அனுப்பிடலாம்" என்று மனைவி ஜெயந்திமாலாவிடம் சொல்லிவிட்டு, ஆள் கேட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார்.

வந்தவள் சந்திரகலா. அடி அண்ணாமலையில் வீடு. அப்பா இல்லை, அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். பி.காம். முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருந்த பெண். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. முதல் வாரத்திலேயே கடிதக் குவியல் கரைந்துவிட்டது. நயினாருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் தசரதன் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும்வரை.

"பொண்ணு இன்னா படிச்சிருக்குது?"

"பி.காம்."

தசரதன் குரலைத் தாழ்த்தினார். "கணக்குப் படிச்ச ஆளு. பாதிச் சம்பளம் கவர்மெண்டுக்காரன் குடுக்கறான். உங்க கல்லாவுக்கு எதிர்லயே உக்கார வெக்கிறான். எதுக்குன்னு யோசிச்சீங்களா நயினாரே?"

நயினார் அதுவரை யோசிக்கவில்லை. அன்று முழுக்க அதையேதான் யோசித்தார். பில் போடாமல் விற்கிற சரக்கு எல்லாக் கடையிலும் கொஞ்சம் உண்டு. அவர் கடையிலும் உண்டு. மறுநாள் ஒரு விவசாயி பில் இல்லாமல் மோட்டார் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்து சந்திரகலா கேட்டாள்.

"அதுக்கு பில் போடலீங்களா சார்?"

"அது... ரிப்பேருக்கு வந்த மோட்டாரும்மா."

புது மோட்டார். கூடவே அட்டைப்பெட்டியும் போயிற்று. அவள் தலையாட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியது நயினாருக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு அவர் செய்த கூத்துக்கு அளவில்லை. போனில் பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டார். வாஷர் ஒன்று விற்றாலும் பில் போட்டார். வெகுகால வாடிக்கையாளரான வேங்கிக்கால் சுப்பிரமணி, "பில்லு வேணாங்க, வெலைய கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று எப்போதும்போலக் கேட்டபோது, சந்திரகலாவுக்குக் கேட்கட்டும் என்று, "பில் இல்லாம எங்க கடையில ஒரு ஆணிகூட வெளியே போகாது!" என்று கத்தினார். சுப்பிரமணி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செங்கம் ரோட்டுக் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் திட்டத்தைப் பார்வையிட வேலூரிலிருந்து ஓர் ஆள் வந்தான். நயினார் கொடுத்த டீயைத் தொடாமல், "அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றான். இருவரும் ரோட்டோர வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். பைப்புகளின் இடுக்கு வழியாக நயினார் பார்த்தார். அவன் ஏதோ கேட்டான். அவள் கடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"என்னம்மா கேட்டாரு?"

"சும்மா, சம்பளத்தப் பத்தி சார்."

அந்த 'சும்மா' அன்று இரவு அவரைத் தூங்கவிடவில்லை.

இதற்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் அவள் ஒரு மணி நேரம் அனுமதி கேட்பாள்.

"கோயிலுக்கா?"

"இல்ல சார். ஒரு வேலை."

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். வெயில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை, குடையை எடுத்துக்கொண்டு, நாற்பதடி தள்ளி அவள் பின்னாலேயே நடந்தார். வாழ்நாளில் யார் பின்னாலும் அப்படிப் போனதில்லை. அவள் தேரடித் தெருவுக்குள் நுழைந்தாள். மாட்டு வண்டிக்கு ஒதுங்கி, இடப்பக்கம் திரும்புகிற இடத்தில் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தாள். நயினார் பக்கத்திலிருந்த பூக்கடைக்குள் தலையை நுழைத்து, வாய்க்கு வந்தபடி "நாலு முழம் மல்லி" என்றார். பூவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், அவள் இன்னும் அங்கேயே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் குடை. ஒரு கையில் மல்லிகைப் பூ. அவர் வந்த வழியே திரும்பினார்.

பூவை வீட்டில் கொடுத்தபோது ஜெயந்திமாலா வாங்கிக்கொள்ளாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைக்காவது பூ வாங்கிட்டு வந்திருக்கீங்களா? என்ன சங்கதி?"

சங்கதி மறுநாள் காலையில் கடைக்கே வந்தது. சந்திரகலாவோடு அவள் அம்மா ஜோதியம்மாளும் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் பொண்ணு பின்னாடி எதுக்குங்க வந்தீங்க? அதுவும் கையில பூவ வெச்சிக்கினு?"

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பெயிண்ட் கடைச் சுவரோரமாகத் தசரதனின் தலை தெரிந்தது. நயினாருக்குப் பொய் சொல்ல ஒரு வழி கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார். எந்தப் பொய்யும் அந்தப் பூவை மறைக்காது என்று தெரிந்தது.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தப் பொண்ண... விற்பனை வரி ஆபீஸ்ல இருந்து வேவு பாக்க அனுப்பி வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். எங்க போவுதுன்னு பாக்கத்தான் வந்தேன்."

வாடிக்கையாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சந்திரகலா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தார்.

"வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் நினைச்சீங்களா சார்? அதான் போன்ல வாய மூடிக்கினு பேசுனீங்களா?"

"அந்த ஆளு உங்கிட்ட தனியாப் பேசினானேம்மா..."

"முழுச் சம்பளம் குடுக்கறாரா, இல்ல முழுசுக்குக் கையெழுத்து வாங்கிக்கினு பாதி குடுக்கறாரான்னு கேட்டாரு. சில கடையில அப்படி நடக்குதாம். எங்க சார் ஒழுங்கா குடுக்கறாருன்னு சொன்னேன்."

நயினார் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினார். தசரதனின் தலை அங்கே இல்லை.

"வெள்ளிக்கிழமையில நான் டைப்ரைட்டிங் கத்துக்கப் போறேன். வருஷம் முடிஞ்சா நீங்க அனுப்பிடுவீங்க. அப்போ கையில ஏதாவது இருக்கணும் இல்ல?"

"அனுப்பிடுவேன்னு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது சார். ஒருத்தர அனுப்பிட்டு இன்னொருத்தர எடுத்தா மறுபடி பாதிச் சம்பளம் வரும்னு பேசிக்கிறாங்க. நீங்க அனுப்ப மாட்டீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல அவர் வாய் திறந்தது. மனைவியிடம் அவரே சொன்ன வார்த்தை நெஞ்சில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார். ஜோதியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். "வா, போலாம்" என்று மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வாரம் நாற்காலி காலியாகக் கிடந்தது. கடிதங்கள் மறுபடி சேர்ந்தன. நடந்ததையெல்லாம் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்த ஜெயந்திமாலா, பிறகு, "இது சிரிக்கிற விஷயம் இல்லீங்க. தெருவுல நாலு பேரு பாத்திருந்தா அந்தப் பொண்ணு பேரு என்ன ஆவுறது? நாமளே போய்க் கேக்கணும்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அடி அண்ணாமலைக்குப் போனார்கள்.

ஜோதியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நயினார் நின்றபடியே, "என்னோட தப்பும்மா. பொண்ண அனுப்பி வைங்க. வருஷம் முடிஞ்சாலும் அதே முழுச் சம்பளத்துக்கு வெச்சுக்கறேன்" என்றார்.

"உங்க சாமி மேல சத்தியம் பண்ணுங்க."

நயினார் தயங்கினார். ஜெயந்திமாலா முன்னால் வந்தாள். "எங்கள்ல சத்தியம் பண்றது வழக்கமில்லீங்க. நான் ஜவாப்தாரி. இவரு அனுப்பினாருன்னா, அன்னைக்கே உங்க பொண்ணு நேரா எங்க வீட்டுக்கு வரட்டும். இவருக்கு யாரு சோறு போடறான்னு பாத்துடலாம்."

ஜோதியம்மாளின் உதட்டில் முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உள்ளே வாசற்படியில் நின்றிருந்த சந்திரகலா கேட்டாள், "வெள்ளிக்கிழமை டைப்ரைட்டிங் கிளாஸ்?"

"போயிட்டு வாம்மா."

"நீங்க பின்னாடி வரக்கூடாது."

"வரமாட்டேன்."

திங்கட்கிழமை அவள் வந்தாள். அதன்பிறகு இருவருக்கும் நடுவே நம்பிக்கை பொங்கி வழிந்தது என்று சொல்ல முடியாது. நயினார் அப்படிப்பட்ட மனிதர் இல்லை. அவளும் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவள் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் நேரே கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. பில் போடாத சரக்கைப் பற்றி அவள் கேட்டால், "ஆமாம்மா, போடல" என்றார். அப்படிச் சொல்லிச் சொல்லி அவருக்கே கூச்சமாகி, பில் இல்லாத விற்பனை பாதியாகக் குறைந்தது. சுப்பிரமணி மட்டும் திரும்பி வரவேயில்லை.

அரசாங்கப் பணம் இழுத்து இழுத்து வந்து ஒரு வருஷத்தில் நின்றது. சந்திரகலா வேலையில் இருந்தாள். அதற்கடுத்த தை மாதம் அவளே ஒருநாள் அவர் மேஜை முன் வந்து நின்று, செங்கத்தில் கூட்டுறவு பாங்கியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள்.

நயினார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாளா அப்ளிகேஷன் போட்டுக்கிட்டிருக்க? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா என்ன நினைப்பீங்களோன்னு இருந்துச்சு சார்."

"அங்க சம்பளம் ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான் சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, போயிட்டு வா. கோயம்புத்தூருக்குப் போட வேண்டிய லெட்டர மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்து, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.