பதினொன்று, பன்னிரண்டு, நான்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை, இடது இடுப்பில் பிறந்தது.

கார்வெல் கல்லூரி ஸ்டேடியத்தின் மேற்கு ஸ்டாண்டில், நாற்பத்தோராம் வரிசையில், பதின்மூன்றாம் எண் என்னுடையது. படிக்கட்டை ஒட்டிய ஓரத்து இடம். நாற்காலி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வரிசைக்கு ஒரு நீள அலுமினியப் பலகை, அதில் ஆளுக்கு இரண்டு சாண் அளந்து எண் எழுதியிருப்பார்கள். செப்டம்பரில் எல்லோரும் அவரவர் இரண்டு சாணுக்குள் அடங்கிவிடுவோம். நவம்பரில் பனி கொட்டும்போது ஆளாளுக்கு மூன்று கம்பளிச் சட்டை. வரிசையே வீங்கும். வீங்கி, நெருக்கி, கடைசியில் இருக்கிற என்னைத்தான் படிக்கட்டில் தள்ளும். பாதி உடம்பு பலகையில், பாதி அந்தரத்தில். போகிறவன் வருகிறவன் முழங்காலெல்லாம் என் இடுப்பில்.

அதனால் மேற்கு ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம், ஆளுக்கொரு நாற்காலி என்று கல்லூரி அறிவித்தபோது ஊரே மூக்கைச் சிந்தியது, நான் மட்டும் உள்ளுக்குள் குதித்தேன். இதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு பேர் புகுந்து அதைக் கெடுத்துவிட்டார்கள்.

2.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"எத்தனையோ பனிக்காலங்களைத் தாங்கிய அந்தக் கான்கிரீட் மாளிகை, காலத்தின் கோரப் பிடியில் சிக்கி—"

வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வந்தது. காலத்தின் பிடியும் இல்லை, கோரமும் இல்லை. பனி உருகுவதற்காகப் படிக்கட்டில் உப்புத் தூவித் தூவி உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது:

"வெர்லின் ஹூப்னரும் மார்வாவும் விவாகரத்து செய்துகொண்டபோது, வீடு மார்வாவுக்கு, டிராக்டர் கடை வெர்லினுக்கு, நாய் ஆறுமாதம் அங்கே ஆறுமாதம் இங்கே என்று சட்டென்று முடிந்துவிட்டது. கால்பந்து டிக்கெட்டில்தான் வழக்கு இழுத்தது."

இதைப் படித்த என் கணவர், "நம்ம ஆளுங்க யாரு இதை நம்புவாங்க? டிக்கெட்டுக்குப் போய் கோர்ட்டா?" என்றார். இந்த ஊரில் அவர் இருப்பதும் என்னோடுதான், ஆனால் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. இங்கே வருஷ டிக்கெட் என்பது அப்பா செத்தால் பிள்ளைக்கு வருவது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முன் ஆட்ட அட்டவணையைப் பார்ப்பார்கள். நீதிபதியே கிழக்கு ஸ்டாண்டில் வருஷ டிக்கெட் வைத்திருந்தவர். விஷயத்தின் கனம் தெரிந்துதான் தீர்ப்பு சொன்னார்: பதினொன்று வெர்லினுக்கு, பன்னிரண்டு மார்வாவுக்கு.

(கால்பந்து என்றேன், அமெரிக்கக் கால்பந்து. பந்தைப் பெரும்பாலும் கையில்தான் வைத்திருப்பார்கள். அதை நான் இந்த ஊர்க்காரர்களிடம் ஒருமுறை கேட்டேன். இனி கேட்பதாக இல்லை.)

யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நீதிபதி நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் போகவில்லை. "அவ வந்து சந்தோஷமா உக்காருவா, நான் வீட்டுல இருக்கணுமா?" என்று இவர். "அந்த ஆளுக்காக நான் எதுக்கு ஆட்டத்தை விடணும்?" என்று அவர். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

3.

பேசியதில்லை என்றால் என் வழியாகப் பேசுவார்கள்.

"வல்லி, அந்த ஆளுகிட்ட சொல்லு கண்ணு, முழங்கைய எம்மேல வைக்க வேணாம்னு."

நான் சொல்வதற்கு முன்பே வெர்லினுக்குக் கேட்டிருக்கும். இடையில் காற்று போகக்கூட இடமில்லையே. ஆனாலும் நான் சொல்ல வேண்டும். சொல்லும் வரை கேட்காத மாதிரி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"முழங்கையை எடுக்கச் சொல்றாங்க, வெர்லின்."

"முழங்கைய எங்க வைக்கிறதாம்? கழட்டி வீட்டுல வச்சிட்டு வரவா? கேட்டுச் சொல்லும்மா."

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் என் வார்த்தைக்கு மரியாதை உண்டு.

நடுவரைத் திட்டும்போது மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே வாய். ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே கெட்ட வார்த்தையை, ஒரே சுதியில் கத்துவார்கள். கத்தி முடித்ததும் திடுக்கிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நவம்பரில் மார்வா கட்டங்கட்டமாய்ப் போட்ட பச்சைப் போர்வையை மடியில் விரிப்பார். அதில் ஒரு முனை வெர்லினின் முழங்கால் மேல் போய் விழும். விழுந்ததை மார்வாவும் கவனிக்க மாட்டார், வெர்லினும் கவனிக்க மாட்டார். குளிர்ந்தால் வெர்லின் அதைக் கவனிக்காமலே இடுப்பு வரை இழுத்துக்கொள்வார்.

[இங்கே ஒரு உவமை வர வேண்டும். வரவில்லை. போர்வை போர்வையாகவே இருக்கட்டும்.]

4.

நான்காவது பகுதியில் ஸ்டேடியத்தின் வரலாறு இருந்தது. நானே இரண்டு முறை தூங்கிவிட்டேன். எடுத்துவிட்டேன்.

5.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது ஸ்டாண்டில் நாற்காலிகள். அகலம் அதிகம், எண்ணிக்கை குறைவு. பழைய எண்கள் அத்தனையும் ரத்து. டிக்கெட் வாங்கிய வருஷ வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கணக்கு வெர்லின் பெயரில் இருந்ததால் முதலில் அவர். நானும் மார்வாவும் அவருக்குப் பின்னால்.

இது எத்தனை பெரிய சிக்கல் என்பது எனக்கே மெதுவாகத்தான் உறைத்தது. இத்தனை வருஷம் இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததற்குக் காரணம் பலகை. நீதிபதி. யார் கேட்டாலும் அந்த இரண்டையும் காட்டிவிடலாம். இப்போது பலகை போய்விட்டது. இனி பக்கத்தில் உட்கார வேண்டுமானால், யாராவது ஒருவர் வாயைத் திறந்து, உட்கார வேண்டும் என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு பேரில் யார் சொல்வார்? செத்தாலும் சொல்ல மாட்டார்கள்.

(மார்வாவை நான் சரியாக எழுதவில்லையோ என்று சந்தேகம். வெடுக்கென்று பேசுகிறவராக மட்டும் வந்திருக்கிறார். பல் மருத்துவமனையில் வேலை செய்தவர். பயந்த பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பல் சுத்தம் செய்தவர். இதை எங்காவது சேர்க்க வேண்டும் என்று இருந்தேன். சேர்த்துவிட்டேன்.)

6.

இடத் தேர்வு நடந்தது உள்விளையாட்டு அரங்கில். மார்வாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த சமயம், நான்தான் காரில் கூட்டிப் போனேன். வாசலில் மாதிரிக்கு ஒரு ஜோடி நாற்காலி வைத்திருந்தார்கள். மார்வா ஒன்றில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துப் பார்த்தார். கோப்பை வைக்கும் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருந்த கைப்பிடியை ஆட்டினார்.

"இதை மேல தூக்க முடியுமா?" என்று அங்கே நின்றவரிடம் கேட்டார்.

"முடியாதும்மா. நல்லா கெட்டியா பூட்டியிருக்கு."

"கேட்டேன், அவ்ளோதான்," என்றார் மார்வா. முகம் வாடிவிட்டது. கட்டுரை அங்கேயே செத்தது.

உள்ளே டிக்கெட் அலுவலகத்து பெர்னிஸ் திரைக்கு முன்னால் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்தவர். எதிரே வெர்லின், தலையில் கல்லூரித் தொப்பியோடு. எங்களைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

"இந்த வரிசையில உள்பக்கத்து எடத்தைக் குடு பெர்னிஸ். ஓரத்துல இருக்கிறதை அப்பிடியே விட்டுடு."

"முடியாது வெர்லின். அந்த வரிசையில மிச்சமிருக்கிறதே ரெண்டுதான். ஒண்ணை நீ எடுத்தா ஒண்ணு ஒத்தையா நிக்கும். ஒத்தை சீட்டை விட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காது."

"கம்ப்யூட்டருக்கு என்னவாம்?"

"ஒத்தை சீட்டு விக்காதில்ல. ரெண்டு பேர் சேர்ந்து எடுத்தா எடுக்கலாம். ஜோடியான்னு கேக்கும், ஆமான்னு சொல்லணும். கூட வர்ற ஆளும் ஆமான்னு சொல்லணும்."

"நான் ஒத்தை ஆளு."

"அப்ப ஓரத்தை யாருக்கு விடுற?"

"யாருக்கும் இல்ல. யாருக்காவது முழங்கால் வலி இருக்கும், கால நீட்டணும்னு தோணும். பொதுவா சொல்றேன்."

பெர்னிஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டு, வெர்லினின் தோளுக்கு மேலாக மார்வாவின் முழங்கால் கட்டைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு மனிதர் எட்டிப் பார்த்துத் தன் மனைவியிடம், "அந்த ஜோடி எடம் இன்னும் இருக்கு, கும்பிட்டுக்கோ!" என்றார்.

7.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். இந்த இடத்திலிருந்து கதை எப்படி வேண்டுமானாலும் போகலாம் அல்லவா?

(அ) வெர்லின் திரும்புகிறார், மண்டியிடுகிறார், அரங்கமே கைதட்டுகிறது. எழுதிப் பார்த்தேன். மண்டியிட்டால் அவரைத் தூக்கிவிட நாலு பேர் வேண்டும். தவிர எனக்கே கூச்சமாக இருந்தது.

(ஆ) வெர்லின் மூலையில் ஒரு ஒற்றை இடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மார்வா எதிர் மூலையில். பனி பெய்கிறது. என் கணவருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. "இதுதான் இலக்கியம்," என்கிறார். வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

(இ) நான் குறுக்கே புகுந்து, "அட, இந்தம்மாவுக்குத்தான் விடுறார், போடுங்க ஜோடின்னு!" என்று சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவள் நான்தானே, ஒரு வரிதானே? அந்த வரியை எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். அது அவர்கள் சொல்ல வேண்டியது, நான் சொன்னால் மறுபடியும் ஒரு நீதிபதி வந்த மாதிரிதான்.

நடந்தது என்னவென்று—

8.

நடந்ததைச் சொல்கிறேன்.

"வல்லி, அந்த ஆளுகிட்ட சொல்லு கண்ணு, வழிய மறிச்சிக்கிட்டு நிக்க வேணாம்னு," என்றார் மார்வா. குரல் வழக்கம்போல் இல்லை.

"வழியை மறிக்க வேண்டாமாம், வெர்லின்."

வெர்லின் திரையைப் பார்த்தபடியே, "அந்தம்மாகிட்ட சொல்லும்மா, ஒரு எடம் சும்மா கெடக்குதுன்னு."

"சும்மா கெடந்தா யாருக்கு என்னன்னு கேளு."

"சும்மா கெடக்குறதைச் சொன்னேன்னு சொல்லும்மா."

"யாருக்காகக் கெடக்குதுன்னு கேளு, வல்லி."

வாயைத் திறந்தேன். பழக்கதோஷம். பின்னால் இருந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார். பெர்னிஸ் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்த வரிசையில் இருப்பது இரண்டே இடம். இவர்கள் சேர்ந்தாலும் சரி, பிரிந்தாலும் சரி, எனக்கு அங்கே இடம் இல்லை. நாற்காலி வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, அனுபவி என்று சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருஷம் இவர்களை வாய்க்கு வந்தபடி சபித்தவளுக்கு, இனி இவர்கள் பக்கத்தில் உட்கார முடியாது என்றதும் அழுகை வந்தது.

"நான் கேக்க மாட்டேன்," என்றேன்.

"என்னது?" என்றார்கள் இரண்டு பேரும், நடுவரைத் திட்டுகிற அதே சுதியில்.

"ஒரு கை நீளத்துல நிக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. நீங்களே கேட்டுக்கோங்க."

மார்வா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! வெர்லின் தொப்பியைக் கழற்றினார். இத்தனை காலமும் அவர் தலை வழுக்கை என்று எனக்குத் தெரியாது. மெதுவாகத் திரும்பினார்.

"மார்வா," என்றார்.

அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"ஓரத்து எடம் உனக்குத்தான். நீ வேணாம்னா எனக்கும் அந்த வரிசை வேணாம்."

9.

மார்வா பதில் சொன்னார். சின்னப் பதில். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், பக்கத்தில்தான் நின்றேன். அதை நான் எழுதப் போவதில்லை. இவர்கள் பேச்சையெல்லாம் இதுவரை நான் சுமந்தேன். அந்தப் பதிலுக்கு மட்டும் ஆள் தேவைப்படவில்லை.

நான் கிழக்கு ஸ்டாண்டில் ஏற்கெனவே தனியாக மிஞ்சியிருந்த ஓர் ஒற்றை இடம் எடுத்துக்கொண்டேன். "அங்க சாயங்கால வெயில் நேரா கண்ணுல அடிக்கும், எதிர்ப்பக்கம் யார் இருக்காங்கன்னே தெரியாதும்மா," என்றார் பெர்னிஸ். பரவாயில்லை, அதுவே வேண்டும் என்றேன்.

முடிவு வேண்டும் என்று நீங்கள் நச்சரித்தால் ஒன்று செய்யலாம். மார்வாவின் இடத்தில் நின்று நீங்களே ஒரு பதில் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம், என்னிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். வெர்லின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.