தேசப்பனின் நாற்பத்திரண்டு எம்எம்

எங்கள் கும்மிடிப்பூண்டி கைக்கடிகாரச் சங்கத்தில் ஏழு பேர். எல்லாரும் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள். ஞாயிறு காலையில் எளாவூர் டீக்கடையில் கூடுவோம். சங்கம் கூடியிருக்கும்போது செல்போனில் மணி பார்ப்பவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இது தலைவர் வெங்கடேசன் போட்ட சட்டம். அவர் எது போட்டாலும் சட்டம்தான்.

வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் கையை வரிசையாக நீட்டிப் படம் எடுத்து, அதை வாட்ஸ்அப் குழுவுக்கு முகப்பாக வைப்போம். அந்தப் படத்தில் தன் வாட்ச் ஒரு தடவையாவது வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஏழு பேரில் ஒருவனான தேசப்பனின் ஆசை. பாவி மனுஷன், வேறு எதையுமே கேட்டதில்லை.

அவன் வாட்ச் சாவி கொடுத்து ஓட்டுகிற ரகம். அவன் மனைவி மேரி, கல்யாணமான வருடம் தன் போனஸில் வாங்கித் தந்தது. தேசப்பன் கம்பெனியில் பாகங்களின் அளவு பார்க்கும் தரப் பிரிவில் இருப்பவன். வெர்னியர் காலிப்பரில் தானே அளந்து, "நாப்பத்திரெண்டு எம்எம்" என்று அறிவித்தான். தரப் பிரிவு ஆள் சொன்ன பிறகு அப்பீல் ஏது? யாரும் மறுபடி அளக்கவில்லை.

அப்போது பெரிய டயல்தான் மோஸ்தர். நாங்கள் ஆளுக்கொரு இட்லித் தட்டைக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தோம். சட்டைக் கைக்குள் நுழையாது, கதவில் இடிக்கும். பெருமைக்குக் குறைவில்லை.

"இன்னா தேசப்பா, பொம்பள வாட்ச்ச மாட்டிக்கினு வந்துட்ட? நாப்பத்தஞ்சுக்குக் கீய இருந்தா படத்துல கெடையாது" என்றார் தலைவர். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

அப்புறம் தலைவர் யூடியூபில் எதையோ பார்த்துத் தொலைத்தார். "இனிமே சின்னதுதான் க்ளாஸு. நாப்பதுக்கு மேல போனா படத்துல கெடையாது" என்றார். ஊரோடு ஒத்து வாழ் என்று எல்லாரும் தட்டை விற்றுவிட்டு, சாவி கொடுக்கும் ரகத்திலேயே ஒரு பொட்டு வாங்கினோம். என் கை உலக்கை மாதிரி இருக்கும். அதில் அந்தப் பொட்டைப் பார்க்க எனக்கே சகிக்காது.

தேசப்பனுக்கு இப்போது இரண்டு எம்எம் கூடுதல். நேற்று சிறிசு, இன்று பெரிசு. வேறொருவனாக இருந்தால் சங்கத்துக்கே முழுக்குப் போட்டிருப்பான். இவனோ தன் தொழில் பாடத்தைப் பிடித்துக்கொண்டான்: அளவு குறைந்த பாகம்தான் ஸ்கிராப், குப்பைக்குப் போகும்; கூடியது ரீவொர்க், தேய்த்துச் சரிசெய்யலாம்.

அடுத்த ஞாயிறு சிரித்த முகமாக வந்து கையை நீட்டினான். "முப்பத்தொம்போது."

சாவி கொடுக்கும் திருகு இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது. கம்பெனி கிரைண்டரில் வைத்துத் தேய்த்திருக்கிறான்.

"யோவ், திருக யாருய்யா சேத்து அளப்பாங்க?" என்றார் தலைவர். "வாட்ச்சுக்கு டயல் வட்டம் மட்டும்தான்யா அளவு."

"பொட்டிக்குள்ள போவணும்னா நீட்டிக்கினு கீறதையும் சேத்துதான அளக்கணும்?" என்றான் தேசப்பன், கம்பெனிப் பாகங்களைப் பெட்டியில் அடைக்கும் நினைப்பில்.

ஆக, அது முதலிலிருந்தே முப்பத்தொன்பதுதான். தேய்க்காமலே தேறியிருக்கும். நாங்கள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. அவன் சிரிக்கவில்லை. சாவி கொடுக்க வழியில்லாத வாட்ச் மதியத்துக்குள் நின்றுவிட்டது.

வீட்டுக்குத் தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துப்போனான். மேரி வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மணி பாக்கத்தாண்ணா வாங்கிக் குடுத்தேன்" என்றாள் என்னிடம். "அளவு பாக்க இல்ல." அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

பஜாரில் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் அவளே கொண்டுபோனாள். அவரிடம் இருந்தது ஒரு தடித்த திருகு மட்டும். அதையே போட்டுக் கொடுத்தார். சுண்டைக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

இதற்குள் தலைவருக்கு ஞானம் பிறந்திருந்தது. "யோசிச்சுப் பாத்தேன். திருகு இல்லாத வாட்ச்சு ஒரு லுக்காதான் கீது" என்று தன்னுடையதைத் தேய்த்துவிட்டார். நாங்களும் தேய்த்தோம். ஆம், நானும்தான்.

படம் எடுக்கும் ஞாயிறு தேசப்பன் வந்தான். ஆறு பேரும் அவன் திருகைப் பார்த்தோம்.

"இப்ப எத்தினி எம்எம்?" என்றார் தலைவர்.

"அளக்கல" என்றான். அவன் முகத்தில் வருத்தமே இல்லை. இப்போது திருகு இருந்தால் படத்தில் கிடையாது என்பதால், படத்தை அவனையே எடுக்கச் சொன்னோம். எடுத்தான்.

தலைவருக்கு மெட்ராஸ் ட்ரெயின் பிடிக்க வேண்டியிருந்தது. கையைப் பார்த்தார். ஒன்பது இருபது. என் கையில் நாலடிக்க ஐந்து நிமிடம். பக்கத்துக் கையில் பன்னிரண்டு. எல்லாம் நின்று ஒரு வாரமாகிறது. செல்போனை எடுக்கப் போனவர், டீக்கடைக்காரர் ஏழு கிளாஸை எடுத்து வைப்பதைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

"தேசப்பா, மணி இன்னா?"

தேசப்பன் அவசரப்படவில்லை. கையை நிதானமாக எங்கள் நடுவில் நீட்டினான். ஆறு தலைகளும் அந்த வாட்சின் மேல் குனிந்தன.