மேலே வந்த மீன்

என்னை யாராவது மீன் தொட்டிக்காரன் என்று சொன்னால் பற்றிக்கொண்டு வரும். பிளாஸ்டிக் கோட்டையும் வாய் திறந்து மூடும் பொம்மை முதலையும் வைக்கிறவன்தான் மீன் தொட்டிக்காரன். நான் வைப்பது தண்ணீருக்குள் ஒரு மலைச்சரிவு. மூன்று கருங்கற்கள். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று அதைத் தாங்கும், மூன்றாவது ஒப்புக்குச் சப்பாணியாகத் தள்ளி நிற்கும். அந்த மூன்றாவது கல்லில்தான் என் கைவண்ணமே இருக்கிறது. மீன் எனக்கு இரண்டாம்பட்சம்.

அந்த வீட்டு ஹாலில் நான்கடித் தொட்டி ஒன்றை அமைத்தேன். வீட்டுக்காரி பெரிய வேலையில் இருப்பவள். சோபாவின் சாம்பல் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கற்களை மூன்று தடவை மாற்ற வைத்தாள். அவளுடைய தங்கையும் அதே வீட்டில்தான் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை, சமையலிலிருந்து துணி மடிப்பது வரை எல்லாம் அவள் தலையில். அவளிடம் ஒரு தங்கமீன் இருந்தது. ஒன்பது வயது, பெயர் குண்டு. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நீல டப்பில் கிடந்தது. டப்பின் விளிம்பில் அவள் ஸ்பூனால் மூன்று தட்டு தட்டினால் மேலே வந்து விரலைச் சப்பும்.

தொட்டிக்குத் தண்ணீர் விட்ட அன்றே கேட்டாள்.

"சார், குண்டையும் இதுல விடலாமா? டப்புல திரும்பக்கூட இடமில்ல அதுக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "உனக்கென்ன பைத்தியமா? செடியெல்லாம் பிடுங்கித் தின்னுடும். அந்த அவலட்சணத்தக் கொண்டுவந்து ஹால்ல வைக்கணுமா?"

தங்கை சிரித்து மழுப்பிக்கொண்டு உள்ளே போனாள். நான் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் வீட்டுச் சண்டையில் தலையிடக் கூடாது என்பது என் கொள்கை. வசதியான கொள்கை.

மூன்று மாதத்தில் செடிகள் தரையை மூடின. ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருவதாகச் சொன்னார்கள். அட்டைப்படமாகக்கூட வரலாம் என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த மாதிரித் தொட்டியில் செடி வளர்வதற்காகச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை விடுவோம். நிறைய விட்டால் இலைகளின் நுனியில் முத்து முத்தாகக் குமிழ் நிற்கும், படத்தில் அள்ளும். ஆனால் மீனுக்கு மூச்சு முட்டும். அதற்காகத் தொட்டியின் ஓரத்தில் சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று தொங்கும். அதிலுள்ள திரவம் பச்சையாக இருந்தால் சரி, மஞ்சளானால் ஆபத்து. அது எனக்கு மட்டும் தெரிந்த பாஷை. அன்று காலை வால்வை நன்றாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் கண்ணாடி போல நிற்க வேண்டும் என்று காற்று மோட்டாரையும் நிறுத்தினேன்.

படக்காரர் வந்து விளக்கு போட்டதும் பொடி மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. "எல்லாம் பச்சையா இருக்கே. அந்த மூணாவது கல்லு பக்கம் சிவப்பா ஒண்ணு வேணும்," என்றார்.

அக்கா திரும்பினாள். "உன் மீன எடுத்துட்டு வாடி."

"அதுக்கப்புறம் திரும்ப டப்புலயா அக்கா?"

"இல்ல, இங்கயே இருக்கட்டும். போ, சீக்கிரம்."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாத்திரத்தில் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் வந்தாள். குண்டு உள்ளே போனதும் தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய்த் திரும்பியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கொஞ்சம் மேல வந்தா நல்லாருக்கும்," என்றார் படக்காரர்.

அவள் ஓடிப்போய் ஸ்பூன் எடுத்து வந்து கண்ணாடி விளிம்பில் தட்டினாள். மீன் மேலே வந்தது. திரும்பக் கீழே போகவில்லை. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடியது.

"பாருங்க சார், என்னத் தேடுது! புது இடம்ல, என்ன விட்டுப் போக மாட்டேங்குது!"

கண்ணாடிக் குமிழைப் பார்த்தேன். எலுமிச்சை மஞ்சள். வால்வை மூடி மோட்டாரைப் போட இரண்டு நொடி போதும். ஆனால் இலையிலிருந்த முத்தெல்லாம் கலைந்துவிடும், தண்ணீரும் கலங்கும்.

"பிரமாதம். இன்னும் தட்டுங்கம்மா," என்றார் படக்காரர்.

அவள் தட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் தட்டினாள். படக்காரர் விளக்கை அணைத்தபோது மீன் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அதன் பிறகுதான் வால்வை மூடினேன்.

தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டு அதை எடுத்தாள். விரலை அதன் வாயில் வைத்துப் பார்த்தாள்.

"நாத்தம் வர்றதுக்குள்ள வெளிய போட்டுடு," என்று சொல்லிவிட்டு அக்கா படக்காரரோடு வாசலுக்குப் போனாள்.

தங்கை என்னிடம் கேட்டாள். "சார், நான் விடாமத் தட்டிக்கிட்டே இருந்தேனே, அதுல களைச்சுப்போயிடுச்சா? வயசான மீன்தானே?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாசலில் நின்ற படக்காரர் காதில் விழுந்தால் என் தொழில் என்னாவது?

"இருக்கலாம்," என்றேன்.

படம் அட்டையில் வந்தது. அக்கா அதைச் சட்டம் போட்டு, டப்பு இருந்த இடத்துக்கு மேலே மாட்டினாள். "உன் மீனுக்கு வந்த யோகத்தப் பாரு," என்றாளாம்.

மாதம் ஒருமுறை செடி கத்தரிக்க இன்னும் போகிறேன். தங்கைதான் டீ கொண்டு வருவாள். சர்க்கரையை என் எதிரிலேயே போட்டுக் கலக்குவாள், டம்ளரில் ஸ்பூன் படாமல், மெதுவாக, சத்தமே வராமல். டீ ஆறிப்போய்விடும். நான் அதைக் குடித்துவிட்டு வருகிறேன்.